நூல்நிலையம் கோயிலன்று

பொதுநூல்நிலையம் என்றால் எமது மக்கள் யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தையே முதலில் நினைப்பர். அதனை நினைத்த மாத்திரத்தில் தீயையும் நினைப்பர். இது இயல்பே. 1981ஆம் ஆண்டு மே மாத முடிவிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெறவிருந்த வேளையில், பொலிசாரும் குண்டர்களும் யாழ் நகரில் மூட்டிய தீயிலே அந்நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அன்று தொட்டு இன்றுவரை அதனைப் பற்றிக் கவிதைகள், கட்டுரைகள், நூல்கள், விவரணப்படம், மேடைப்பேச்சுகள் எனப் பலவும் வந்துள்ளன. இவற்றின் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இவற்றை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஒரு குறை புலப்படுகின்றது. நூலகம் எவ்வாறு எரிந்தது என்பதை அவை விரித்துரைக்கின்றன. எரியாதிருந்த நாட்களில் அது யாருக்கு என்ன செய்தது என்பதைப் பெரும்பாலும் கூறாது விடுகின்றன. ஒரு நிறுவனத்தின் சாவை மட்டும் அறிந்தவர்களுக்கு அதன் வாழ்வைப் பேணும் வழி தெரியாது. ஆகவே இக்குறையை ஒரு விமர்சனப் பிரச்சினையாகக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். மேடைகளிலும் மலர்களிலும் நூலகத்தைக் குறிக்க வழங்கும் சொல் ‘கோயில்’ என்பதாகும். அறிவுக்கோயில், கலைமகள் ஆலயம், தீண்டப்பட்ட கருவறை என்றெல்லாம் அடைமொழிகள் பெருகியுள்ளன. கட்டடமும் இதற்குத் துணைசெய்கின்றது. சென்னைக் கட்டடக் கலைஞர் வீ. எம். நரசிம்மன் அதனைத் திராவிடச் சிற்ப மரபைத் தழுவி வகுத்தார். முன்றலிலே கலைமகள் சிலை அமைந்துள்ளது. பக்தி மேலீட்டால் எழுந்த உருவகம் என்று இதனை விட்டுவிடலாமே என்று சிலர் கூறக்கூடும். உருவகங்கள் வெறும் அலங்காரமல்ல. அவை பிறந்த சமுதாயத்தின் நினைவுகளையும் சுமந்தே வருகின்றன. யாழ்ப்பாணத்திற் கோயில் என்பது யாது? சமுதாயத்தின் ஒரு பெரும்பகுதியினர் எந்த வாயிலுக்கு வெளியே நின்று கும்பிட வேண்டியிருந்ததோ அந்த வாயிலையுடையது. 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன்னால் ஆலயப்பிரவேசப் போராட்டம் நடைபெற வேண்டியிருந்தது என்பதை எமது தலைமுறை மறந்துவிடலாகாது. அவ்வாண்டிற்கூட உள்ளே செல்லும் உரிமைக்காக அடிபட வேண்டியிருந்த இடத்தின் பெயரை, எவரும் உள்ளே சென்று அமரக்கூடிய இடத்துக்குச் சூட்டிப் பெருமைப்படுவது பொருத்தமாகுமா?

இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சியன்று. யாழ்ப்பாணத்திற் சமமாக அமர்தல் என்பது எவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்தது என்பதை வரலாறு காட்டுகின்றது. 1930ஐ அண்டிய ஆண்டுகளில், உதவிபெறும் பாடசாலைகளிற் பிள்ளைகள் அனைவரும் சம ஆசனத்தில் அமர வேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது, அதனைப் பொறாத உயர்சாதியினர் சிலர் பாடசாலைகளுக்கே தீ வைத்தனர். ஆகவே கல்விக்கூடத்தை எரித்தல் என்பது எமது சமுதாயத்திற்கு முற்றிலும் வெளியிலிருந்து மாத்திரம் வந்த குற்றமன்று. 1981இன் தீயை நினைவுகூருவோர் இத்தீயையும் நினைவிற் கொள்வதே நேர்மையாகும். இரண்டும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஒன்று அரசின் படைபலத்தின் துணையோடு ஓரினத்தின்மேல் ஏவப்பட்டது. மற்றது அவ்வினத்தின் உள்ளேயே ஒடுக்கியவர் ஒடுக்கப்பட்டவர்மேல் ஏவியது. ஆனால் ‘நீ வாசிக்கலாகாது’ என்ற கட்டளை இரண்டிலும் உண்டு.

பாடசாலைகள் எரிந்த அந்த ஆண்டுகளை ஒட்டியே யாழ்ப்பாண நூலகம் தோன்றிற்று என்பது கருதத்தக்கது. 1933இல் க. மு. செல்லப்பா என்னும் நூலார்வலர் தம் வீட்டிலே சிறு நூல்நிலையமொன்றை நடத்தத் தொடங்கினார். நகரின் பிரமுகர்கள் சிலர் அவரோடு சேர்ந்தனர். 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், 844 நூல்களோடும் 30 அளவிலான பத்திரிகை சஞ்சிகைகளோடும் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. 1952இல் நகர முதல்வர் சாம் சபாபதியின் தலைமையில் நிரந்தரக் கட்டடம் பற்றிய மாநாடு கூடிற்று. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளார் அம்முயற்சிக்கு உயிராயிருந்தார். பணம் திரட்டக் களியாட்ட விழாக்களும் அதிர்ஷ்டலாபச் சீட்டுகளும் நடத்தப்பட்டன. 1954 மார்ச் 29ஆம் நாள் அத்திவாரக்கல் நாட்டப்பட்டது. 1959 அக்டோபர் 11ஆம் நாள் நகர முதல்வர் அல்பிரட் துரையப்பா கட்டடத்தைத் திறந்துவைத்தார். சிறுவர் பகுதி 1967இற் சேர்ந்தது.

இவ்வாண்டுகளை நாம் அடுக்கிக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஓர் அறையிலிருந்து ஒரு மாளிகைக்கு வந்து சேர 25 ஆண்டுகள் சென்றன. எந்த மன்னனும் அதனைக் கட்டித் தரவில்லை. வாசகர் முதலில் இருந்தனர், கட்டடம் பின்னரே வந்தது. கோயில் உருவகம் மறைத்துவிடும் உண்மை இதுவே. கோயிலிலே தெய்வம் முன்னமே வீற்றிருக்க, அடியார் பின்னர் வருவர். பொதுநூல்நிலையத்திலோ வாசகனின் தேவையே மூலவர்.

அத்தேவை யாருடையது? 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வியும் பரவிற்று. அதற்கு முன் ஆங்கிலம் கற்ற மத்தியதர வர்க்கத்தினரின் வீடுகளிலே கண்ணாடி அலுமாரிகளில் நூல்கள் இருந்தன. அவ்வீட்டுப் பிள்ளைக்கு நூல்நிலையம் ஒரு வசதி மாத்திரமே. ஆனால் தோட்டம் செய்பவனின் மகனும், கடற்றொழிலாளியின் மகளும், சுருட்டுத் தொழிலாளியின் பிள்ளையும் பாடசாலைக்கு வந்தபோது, அவர்களின் வீட்டில் எழுத்தென்று இருந்தது பஞ்சாங்கமும் பழைய பத்திரிகைத் தாளுமே. ஆசிரியர் வகுப்பிற் கூறியதற்கு மேல் ஒன்றை அறிய வேண்டுமாயின் அவர்களுக்குப் போக்கிடம் எது? இலவசக் கல்வி பாடசாலை வாயிலைத் திறந்தது. அதற்கப்பாலுள்ள வாயிலைத் திறப்பது பொதுநூல்நிலையம் ஒன்றே. நூல் வாங்கப் பணமில்லாதவனும், மேசையும் விளக்கும் தனியிடமும் இல்லாதவனும் அவற்றைப் பிச்சையாகவன்றி உரிமையாகப் பெறும் இடம் அதுவாகும். 1974இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் தோன்றியபோது, அதற்கு வேண்டிய வாசகர் சமுதாயம் முன்னமே உருவாகியிருந்ததென்றால் அதற்கு இந்நூலகமும் ஒரு காரணமென்க.

நகர நூலகம் தனியே நின்று இதனைச் சாதிக்கவில்லை. கிராமந்தோறும் எழுந்த வாசிகசாலைகளும் பின்னர்ச் சனசமூக நிலையங்களும் அதற்கு வேர்களாயிருந்தன. ஒரு மேசை, இரண்டு வாங்குகள், அன்றைய பத்திரிகை: இவ்வளவே அவற்றின் சொத்து. வாசிக்கத் தெரிந்தவர் உரக்க வாசிக்க, தெரியாதவர் கேட்டு விவாதித்தனர். பத்திரிகை வாசித்தல் அங்கே ஓர் அரசியற் கல்வியாயிற்று. ஆயினும் இவற்றை நாம் பொற்காலமாக்கிக் காட்ட வேண்டியதில்லை. வாசிகசாலையும் ஊரின் அமைப்பையே பிரதிபலித்தது. ஊர் சாதியாற் பிரிந்திருந்தால் வாசிகசாலையும் சாதியாற் பிரிந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கெனத் தனி வாசிகசாலைகளை அமைத்துக்கொண்டதன் காரணம் இதுவே. பொது இடங்களில் ஒருவரைச் சாதி காரணமாக விலக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க் கடைக்குள் அமர்வதற்குப் போராட வேண்டியிருந்தது.

எமது முற்போக்கு இலக்கியத்தின் ஒரு பெரும் பகுதி இச்சூழலிலேதான் பிறந்தது. கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் பாடசாலைப் படிப்பை இளமையிலேயே கைவிட நேர்ந்தவர்கள். ஜீவாவின் முடிதிருத்தும் நிலையம் பத்திரிகைகளும் நூல்களும் விவாதமும் கூடிய ஓர் இலக்கியக் கூடமாயிருந்தது. 1966இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ அங்கிருந்தே வளர்ந்தது. ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதியும் ‘பஞ்சமர்’ நாவலும் பட்டம் பெற்றவர்களின் ஆக்கங்களல்ல, பொதுவாசிப்பின் விளைச்சல்கள். ஒரு சமுதாயம் தன் பாடசாலையிலிருந்து வெளியேற்றியவர்களையே வாசிப்பு எழுத்தாளராக்கிற்று எனின், பாடசாலைக்கு வெளியேயுள்ள வாசிப்பின் பெறுமதியை வேறெவ்வாறு விளக்குவது?

நூலகவியலறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளை நூலகர் யாவரும் அறிவர். நூல் பயன்படுத்தற்குரியது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும், வாசகரின் நேரம் வீணாகலாகாது, நூல்நிலையம் வளரும் உயிர் போன்றது என்பனவே அவற்றின் சாரம். யாழ்ப்பாண நூலகத்திற்கு ஆலோசனை கூறியவரும் அவரே. இவ்விதிகளை உற்று நோக்கின் அவை பூசைக்கு நேர் எதிரானவை என்பது விளங்கும். பூசைக்குரிய பொருளைத் தொடலாகாது. நூலோ தொட்டுப் புரட்டப்பட்டு, கிழிந்து ஒட்டப்பட்டு, பலர் கைமாறித் தேய்தற்குரியது. தேயாத நூல் நிறைந்த நூல்நிலையம் தோல்வியடைந்த நூல்நிலையமாகும்.

இனி 1981ஐப் பற்றிய எழுத்துகளுக்கு வருவோம். எரிந்தவற்றைக் குறிப்பிடும்போது ‘யாழ்ப்பாண வைபவமாலை’யின் ஒரே பிரதி எரிந்துபோயிற்று என்று பலரும் திரும்பத் திரும்ப எழுதி வருகின்றனர். இது உண்மையன்று. அந்நூல் 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிவிட்டது, 1879இல் சி. பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்துவிட்டது. துயரத்தைப் பெரிதாக்கிக் காட்டப் பொய்த் தகவல் தேவையில்லை. அது உண்மையான இழப்பின்மேலும் ஐயத்தை விளைக்கும். உண்மையான இழப்போ போதிய அளவு கொடியது. ஏட்டுச்சுவடிகள், பழைய பத்திரிகைத் தொகுதிகள், அறிஞர்கள் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்து நூலகத்திற்கு வந்தடைந்த சேகரிப்புகள் ஆகியன போயின. அவற்றோடு இன்னொன்றும் போயிற்று. நாளாந்தம் அங்கு வந்து அமர்ந்த வாசகனின் இருக்கை போயிற்று. பாடநூல் வாங்க இயலாத மாணவன் அடுத்த நாட் காலை எங்கே சென்றான் என்று எவரும் எழுதவில்லை. அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிக்கப்பட்டன என்பதைச் சேர்த்து நோக்கினால், தீ வைத்தவர்களின் இலக்கு யாதென்பது தெளிவாகும். எழுதும் இடமும் விற்கும் இடமும் வாசிக்கும் இடமும் ஒருங்கே தாக்கப்பட்டன. தாக்கியவர்கள் நூலகத்தைச் சின்னமாக மாத்திரம் கருதவில்லை. இயங்கும் நிறுவனமாக அறிந்தே அழித்தனர். எம்மவரோ அதனைச் சின்னமாக மாத்திரமே அழுதோம்.

எம். ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ இவ்வகையிற் சிறந்த கவிதை என்பதில் ஐயமில்லை. கொலையுண்டவராகப் புத்தரையே காணும் அதன் பார்வை, குற்றத்தைச் சிங்கள மக்களின்மேல் சுமத்தாது, அவர்களின் பெயரால் ஆள்வோரின்மேல் சுமத்துகின்றது. பௌத்தத்தின் பெயரால் நடந்த செயல் பௌத்தத்தையே கொன்றது என்கின்றது. இனவாதத்திற்கு இனவாதத்தால் விடைகூறாத இம்முதிர்ச்சி முற்போக்கு மரபின் கொடை. சோமீதரனின் ‘எரியும் நினைவுகள்’ (2008) விவரணப்படம் சாட்சியங்களைத் தேடித் தொகுத்த பயனுள்ள முயற்சி. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கவிதை செய்யவேண்டியதைக் கவிதை செய்துவிட்டது; சிறுகதையும் நாவலும் செய்யவேண்டியதைச் செய்யவில்லை. நாம் அறிந்த அளவில், நூல்நிலையத்திற்குள்ளே வாழும் மனிதரை எமது புனைகதை இன்னும் போதிய அளவு காணவில்லை. இரவல் நூலுக்குத் திகதிமுத்திரை இடும் ஊழியர், பத்திரிகை வாசிக்க நாளும் வரும் ஓய்வுபெற்ற உபாத்தியாயர், முதன்முறையாகத் தன் பெயரில் உறுப்பினர் அட்டை பெறும் பெண்பிள்ளை ஆகியோரின் கதைகள் எழுதப்படாதவரை நூலகம் எமது இலக்கியத்தில் ஓர் எரிந்த சுவராகவே நிற்கும்.

கட்டடம் மீண்டும் எழுந்தது. 1998ஆம் ஆண்டின் பின் நடைபெற்ற புனரமைப்பு 2003இல் நிறைவை அடைந்தபோது, திறப்புவிழாவே பெரும் பிணக்காயிற்று. யார் திறப்பது, எப்போது திறப்பது என்ற சர்ச்சையில் விழா நின்றது. மாநகரசபை உறுப்பினர் பதவி துறந்தனர். பின்னரே அது வாசகருக்குத் திறந்துவிடப்பட்டது. அப்பிணக்கிலே பேசிய கட்சிகளும் இயக்கங்களும் கதவைத் திறக்கும் கையைப் பற்றியே வாதிட்டன. அக்கதவின் வழியே யார் உள்ளே வருவார் என்ற கேள்வி எழவேயில்லை. சின்னத்தை ஆள விரும்புவோருக்கு வாசகன் தேவைப்படுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா? இன்று தூர இடங்களிலிருந்து வருவோர் வெண்ணிறக் கட்டடத்தின் முன்னின்று படமெடுத்துச் செல்கின்றனர். வருக, அதில் எமக்கு வருத்தமில்லை. ஆனால் வெளியே நின்று பார்ப்பவர் தொகையைக் கொண்டு எந்த நூல்நிலையத்தையும் அளக்க முடியாது.

அளக்க வேண்டிய முறை வேறு. யார் வருகின்றனர் என்று கணக்கெடுப்பதிலும் யார் வரவில்லை என்று கேட்பதே பயன்தரும். பகல் முழுதும் கடையிலோ தொழிற்சாலையிலோ நிற்பவன் வேலை முடிந்து வரும்போது கதவு திறந்திருக்கின்றதா? இருட்டியபின் தனியே வீதியில் வரத் தயங்கும் பெண்ணுக்கு, அவளுடைய ஊரிலேயே ஒரு கிளை உண்டா? பார்வையற்றவருக்கும் படியேற முடியாத முதியவருக்கும் யாது ஏற்பாடு? தீவுப்பகுதிப் பிள்ளைக்கு நகரிலுள்ள நூல் எவ்வழியாற் போய்ச் சேரும்? மலையகத்தை நோக்கினால் இக்கேள்வி மேலும் கூர்மையடைகின்றது. பொதுநூல்நிலையங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் உள்ளவை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவோ, தோட்டக் குடியிருப்புகளிற் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. 2018இல் திருத்தப்படும்வரை, வாக்களிக்கும் உரிமை பெற்ற தோட்டத் தொழிலாளி தன் லயத்தருகே ஒரு வாசிகசாலையைச் சபையிடமிருந்து உரிமையாகக் கேட்க முடியவில்லை. சட்டம் திருந்திற்று; நூல்கள் தாமாக மலையேறப் போவதில்லை. உள்ளூர்ச் சமுதாயத்திற்குத் தொண்டு செய்தல் என்று பேசும்போது, அச்சமுதாயத்தின் எல்லையை யார் கீறினார் என்பதையும் கேட்க வேண்டும்.

வருவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். எமது கல்விமுறை பரீட்சையை நோக்கி ஓடுகின்றது. பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு, அது விட்டதும் வினாத்தாட் தொகுப்பு என்று மாணவரின் நாள் கழிகின்றது. இத்தகைய மாணவருக்கு நூல்நிலையம் தன் குறிப்புகளைக் கொண்டுவந்து மனனஞ் செய்யும் அமைதியான மண்டபமாக மாத்திரம் அமைந்துவிடக்கூடும். அந்த அமைதியும் ஒரு சேவைதான். சிறு வீட்டில் நெருங்கி வாழும் பிள்ளைக்கு அது பெரிய சேவை. ஆயினும் அலுமாரியிலுள்ள நூலைத் தொடாமலே அவர் பல்கலைக்கழகம் சென்றுவிடுவாராயின், குறை அவருடையதன்று. அவரை அலுமாரியண்டை அழைத்துச் செல்லாத எம்முடையது.

தீ கற்பித்த பாடமொன்றும் உண்டு. ஓரிடத்தில் ஒரு பிரதி இருப்பின் அது அழிவுக்குரியது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத் திட்டம் இதனை உணர்ந்து, இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகை சஞ்சிகைகளையும் மின்வடிவில் எவருக்கும் இலவசமாக வழங்குகின்றது. அரசின் ஆணையோ பெருஞ்செல்வரின் மாளிகையோ இன்றித் தன்னார்வலர் முயற்சியாற் பிறந்தமையால், அது ஆஸ்பத்திரி வீதி அறையின் உண்மையான வாரிசு எனலாம். ஆனால் மின்வடிவாவதற்கு முதலில் ஒருவர் தேடிச் சேர்க்க வேண்டும். தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், கூட்டுறவுச் சங்க அறிக்கை, ஊர்ச் சனசமூக நிலையத்தின் கையெழுத்துச் சஞ்சிகை, இறந்தோர் நினைவாக வெளியிடும் கல்வெட்டு ஆகியனவே சாதாரண மக்களின் வரலாற்று ஆவணங்கள். பெரிய நூலாசிரியர்கள் இவற்றை எழுதவில்லை. ஆதலால் எந்தப் புத்தகசாலையும் இவற்றை விற்பதில்லை. அவ்வூர் நூல்நிலையம் சேர்க்காவிடின் வேறெவரும் சேர்க்கமாட்டார்.

இவை யாவற்றிற்கும் பணமும் அதிகாரமும் வேண்டும். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொதுநூலகச் சட்டம் சொத்துவரியோடு நூலகவரியையும் சேர்த்து விதித்தது. அதன் நடைமுறையிற் குறைகள் பல இருக்கலாம். எனினும் வாசிப்புச் செலவு பொதுமக்களின் பொதுப்பொறுப்பு என்ற கொள்கை அதில் உண்டு. எமது நாட்டிலோ உள்ளூராட்சி மன்றங்களே நீண்டகாலம் மக்களாற் தெரிவுசெய்யப்படாதிருந்தன. யாழ்ப்பாண மாநகரசபைக்கு 1983இன் பின் 1998வரை தேர்தல் நடைபெறவில்லை. 1998இல் தெரிவான முதல்வர் சரோஜினி யோகேஸ்வரனும், அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலனும் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டனர். மக்களாட்சி இல்லாத நகரில் மக்கள் நூலகம் எவ்வாறு மக்களுடையதாய் இயங்கும்? ஆகவே நூல்நிலையத்தின் பிரச்சினை நூலகரின் தனிப் பிரச்சினையன்று. அது உள்ளூராட்சியின் பிரச்சினை, ஜனநாயகத்தின் பிரச்சினை.

இவ்விடத்தில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரிய பணி தெளிவாகின்றது. சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் நூல் வாங்க எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது என்று ஆண்டுதோறும் கேட்பதும், நூற்றெரிவிலே வாசகருக்கும் இடங் கோருவதும், மூடிக்கிடக்கும் சனசமூக நிலையத்தைத் திறந்து நகர நூலகத்தோடு இணைத்து மாதந்தோறும் நூற்பெட்டி மாற வகைசெய்வதும், தம் ஊரின் ஆவணங்களைச் சேர்த்துக் கொடுப்பதும் ஒரு வாசகர் வட்டத்தால் இயலாதனவல்ல. ஆண்டுக்கு ஒருமுறை சுடரேற்றுவதினும் இவை கடினமானவை. பயனோ நாளாந்தம் கிடைப்பது.

கோயில் என்று கும்பிட்டுவிட்டு வீடு திரும்புவது எளிது. பொதுநூல்நிலையம் கேட்பது கும்பிடுதலை அன்று. ஒருவர் பக்கத்தில் ஒருவர், சாதியும் தொழிலும் சமயமும் கேளாது, ஒரே மேசையில் அமர்ந்து வாசிப்பதையே அது கேட்கின்றது. யாழ்ப்பாணத்தில் அம்மேசை எளிதில் இடப்பட்டதன்று. இரு வகைத் தீக்களையும் கடந்து வந்தது. அதிலே இன்னும் இடமில்லாதவர் யாரென்று தேடிச் சென்று அழைத்து வருவதே எரிந்த நூல்களுக்கு நாம் செய்யக்கூடிய தகுந்த மரியாதையாகும்.